நகப்பூச்சு காயும் வரை

என் அக்கா ஜூரேமாவைப் பற்றி யாராவது "சூதாடுகிறாள்" என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். சூதாடுகிறவர்களை எனக்குத் தெரியும். எங்கள் அப்பா தினமும் விலங்கு லாட்டரிச் சீட்டு எழுதியவர். கனவில் பசு வந்தால் பசுவின் மேல் கட்டுவார், ஆடு வந்தால் ஆட்டின் மேல். சீட்டு எழுதப் போகும்போது விசிலடித்துக்கொண்டே போவார். ஜூரேமா டாலர் வாங்கி விற்கத் தொடங்கி நாலு வருடம் ஆகிறது. ஒரு நாள்கூட அவள் விசிலடித்து நான் கேட்டதில்லை.

சொரொகாபாவில் ஒரு வங்கிக் கிளையில் இருபத்திரண்டு வருடம் காசாளராக இருந்தவள். எல்லாரும் போனிலேயே பணம் அனுப்பத் தொடங்கியதும் கிளையை மூடிவிட்டு, கையில் ஒரு தொகையைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்போது அவளுக்கு நாற்பத்தாறு வயது. அந்த வயதில் எங்கே போய் வேலை கேட்பது? ஆறு மாதம் விண்ணப்பம் போட்டுப் பார்த்தாள். பிறகு ஒருநாள் மாடியில் துணி துவைக்கும் இடத்தில், வாஷிங் மெஷினுக்கும் கொடிக்கும் நடுவே ஒரு மேசையைப் போட்டு, இரண்டு கம்ப்யூட்டர் திரைகளை வைத்தாள். வீட்டில் அவளுக்கென்று மிச்சமிருந்த இடம் அதுதான். கீழே முன்னறையில் நான் நகம் அலங்கரிக்கும் கடை வைத்திருக்கிறேன். அவளும் அவள் புருஷன் அமாரோவும் மாடியில் இருக்கிறார்கள். அமாரோ டவுன் பஸ் ஓட்டுகிறவர்.

முதல் வருடம் நடந்ததைச் சொல்ல எனக்கே வாய் வரவில்லை. யாரோ ஒருவன் கடற்கரையில் காரின் மேல் சாய்ந்துகொண்டு, "ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் போதும்" என்று வீடியோவில் சொன்னான். அவனிடம் பணம் கட்டிப் பாடம் கேட்டாள். விலை இறங்கினால் இன்னும் வாங்கு, இன்னும் இறங்கினால் இன்னும் வாங்கு, எப்படியும் திரும்பி வரும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான் அந்தப் புண்ணியவான். பதினோரு முறை திரும்பி வந்தது. பன்னிரண்டாவது முறை வரவில்லை. வங்கி கொடுத்த தொகையில் பாதி ஒரே மாதத்தில் போயிற்று. அந்த ஆள் இப்போதும் அதே காரின் மேல்தான் சாய்ந்துகொண்டிருக்கிறான்.

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மேசையைத் தூக்கிப் போட்டிருப்பார்கள். இவள் நோட்டுப் புத்தகம் வாங்கினாள். காலை ஐந்து மணிக்கு எழுவாள். காப்பி, வெண்ணெய் தடவிய ரொட்டி, கண்ணுக்குச் சொட்டு மருந்து. ஐரோப்பாவில் என்ன விலை, அமெரிக்காவில் இன்று என்ன செய்தி வரப்போகிறது என்று ஒன்பது மணி வரை எழுதுவாள். ஒன்பதுக்குச் சந்தை திறந்தால் பன்னிரண்டு வரை நாற்காலியை விட்டு எழமாட்டாள். சிறுநீரை அடக்கி அடக்கி இரண்டு முறை ஜுரம் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். மத்தியானம் அன்று செய்த தப்பையெல்லாம் எழுதுவாள். ஞாயிற்றுக்கிழமை பழைய நாட்களைத் திரையில் ஓடவிட்டு, ஒரே கால் மணி நேரத்தை நாற்பது தடவை பார்ப்பாள்.

"டாக்டருக்குப் படிச்சிருந்தாக்கூட இந்நேரம் ஊசி போட விட்டிருப்பாங்க" என்பார் அமாரோ.

"ஊசி போட்டா உங்களுக்குத்தான் முதல்ல போடுவேன்" என்பாள் அவள். ஆனால் சிரிக்கமாட்டாள்.

இரண்டாவது வருட முடிவில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அதை அவள் பெரிய முன்னேற்றம் என்றாள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஒரு வருடம் முழுக்க விடியற்காலையில் எழுந்து, கழுத்து வலிக்குப் பட்டை கட்டிக்கொண்டு உட்கார்ந்து, இருந்த இடத்திலேயே இருப்பதா முன்னேற்றம்? அதே நேரத்தில் நான் எத்தனை பேருக்கு நகம் செய்திருப்பேன்!

மூன்றாவது வருடம் டிசம்பரில் பரீட்சைக்குப் பணம் கட்டினாள். சாவ் பாவ்லோவில் அப்படிச் சில கம்பெனிகள் இருக்கின்றன. நாம் கட்டணம் கட்ட வேண்டும். சந்தை நடக்கும் நாட்களாக அறுபது நாள் அவர்களுடைய திரையில், விளையாட்டுப் பணத்தில் வாங்கி விற்றுக் காட்ட வேண்டும். சொன்ன இலக்கைத் தொட்டால், பிறகு அவர்களுடைய நிஜப் பணத்தில் வியாபாரம் செய்யலாம், லாபத்தில் நமக்குப் பங்கு. ஆனால் ஏதாவது ஒரு நாள் எங்கள் பணத்தில் ஐந்நூறு ரெயாலுக்கு மேல் நஷ்டப்பட்டால் அந்த நிமிடமே கதவைச் சாத்திவிடுவார்கள். ஜூரேமாவிடம் மிச்சமிருந்தது வங்கித் தொகையின் மறுபாதி. அதைத் தொடமாட்டேன் என்று அமாரோவுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். அதனால் சொந்தக் காசில்லாமல் இந்தத் தொழிலில் நிற்க அவளுக்கு இருந்தது இந்த ஒரு வழிதான்.

ஐம்பத்தோரு நாள் நன்றாகப் போயிற்று. இலக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டாள். மார்ச் மாதம், ஐம்பத்திரண்டாம் நாள், அமெரிக்காவின் விலைவாசிக் கணக்கு வெளிவரும் நாள். அது வரும்போது டாலர் நாலு பக்கமும் குதிக்கும், அந்த நேரத்தில் கையில் எதையும் வைத்திருக்கக் கூடாது என்பது அவளுடைய முதல் விதி. டிசம்பரிலிருந்து அந்த மாதிரிச் செய்தி எல்லாமே எங்கள் ஊர் நேரம் பத்தரைக்குத்தான் வந்துகொண்டிருந்தது. ஒன்பது இருபதுக்கு, இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது என்று நிதானமாக வாங்கினாள். ஒன்பதரைக்கு விலை அப்படியே கீழே விழுந்தது. நஷ்டத்தை நிறுத்த அவள் போட்டுவைத்திருந்த விலையைத் தாண்டிக் குதித்து, எங்கோ போய் நின்றது.

அமெரிக்காக்காரன் முந்தின ஞாயிற்றுக்கிழமை கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்திருந்தான். நாங்கள் கடிகாரத்தைத் தொடுவதை விட்டுப் பல வருடம் ஆயிற்று. அவன் தொட்டால் அங்கே எட்டரைக்கு வரும் செய்தி எங்களுக்குப் பத்தரைக்குப் பதில் ஒன்பதரைக்கு வரும்.

நஷ்டம் ஐந்நூற்று நாற்பது. கதவு சாத்தப்பட்டது என்று சிவப்பு எழுத்தில் திரையில் வந்திருக்கிறது. நான் மேலே போனபோது வாஷிங் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவள் பழைய நோட்டு ஒன்றை மடியில் விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள்.

"நெய்டி, இதப் படி" என்றாள்.

அவளுடைய கையெழுத்து. போன வருடத்துத் தேதி. "மார்ச் இரண்டாம் ஞாயிறு அமெரிக்காவில் நேரம் மாறும். செய்தி ஒரு மணி நேரம் முன்னால் வரும். மறக்காதே." கீழே இரண்டு கோடு போட்டிருந்தாள்.

"தெரியாம தோத்திருந்தா மனசு ஆறிடும்டி. நானே எழுதி வச்சிருக்கேன் பாரு. முப்பத்தோரு நோட்டு. இதுல எங்க போய்த் தேடுவேன்?" என்று சொல்லிவிட்டு அழுதாள். அப்பா செத்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை. நான் கொடியில் காய்ந்த துணியை மடித்துக்கொண்டு நின்றேன்.

ஏப்ரலில் சூப்பர் மார்க்கெட்டில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்தாள். இருபத்திரண்டு வருடம் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தவள், திரும்பவும் கல்லாவுக்கே வந்துவிட்டோமே என்று மனதுக்குள் குமைந்தாள். மத்தியானம் ஒன்றரையிலிருந்து ராத்திரி வரை வேலை, வாரத்துக்கு ஒரு நாள் லீவு. ஆனால் காலை அவளுடையது. மேசையைக் காலி செய்வாள் என்று பார்த்தால், சம்பளத்தில் மிச்சம் பிடித்து ஆகஸ்டில் மறுபடியும் பரீட்சைக்குக் கட்டணம் கட்டிவிட்டாள்.

அமாரோ முதல்முறையாகக் குரலை உயர்த்தினார். "இதுதான் கடைசி. இதுலயும் ஊத்திக்கிச்சுன்னா கம்ப்யூட்டர வித்துடுவேன். எங்க டிப்போவுல ஒருத்தன் கேட்டுக்கிட்டே இருக்கான்."

"சரி" என்றாள் ஜூரேமா.

"சும்மா சரிங்காத. சத்தியமா சொல்லு."

"சத்தியமா. எனக்கே முடியலங்க. இதோட சரி."

அவள் சண்டை போடாமல் ஒப்புக்கொண்டதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஆகஸ்டில் முதல் செய்தி நாள். ஒன்பது இருபதுக்கு மாடியிலிருந்து இறங்கி என் கடைக்குள் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது.

"என்னை இங்க எங்கயாவது உக்கார வைடி. மேல இருந்தா கை தானா போயிடும். விதியெல்லாம் தெரியுது, ஆனா விரல் கேக்கல."

ஒதீலியாம்மா அப்போதுதான் வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பாஸ்டனில் மகன் பாத்திரம் கழுவுகிறான், அதனால் அமெரிக்காவே தன்னுடையது மாதிரிப் பேசுகிற என் பழைய வாடிக்கையாளர். அவரை எழுப்பிவிட்டு ஜூரேமாவை உட்கார வைத்தேன். இரண்டு கையையும் வெந்நீரில் முக்கி, தோலை ஒதுக்கி, பத்து விரலுக்கும் அடர் சிவப்புப் பூசினேன். எல்லாம் முடிந்தபோது ஒன்பது இருபத்தொன்பது.

"இது காயற வரைக்கும் எதையும் தொட்ட, கொன்னுடுவேன்" என்றேன்.

அவளைப் பற்றி எனக்கு ஒன்று தெரியும். தன்னுடைய விதியை மீறுவாள், அடுத்தவர் வேலையைக் கெடுக்கமாட்டாள். கால் மணி நேரம் விரல்களை விரித்துவைத்துக்கொண்டு கல்லாக உட்கார்ந்திருந்தாள். மேலே டாலர் என்ன குதி குதித்ததோ, அவள் இல்லாமல் குதித்துவிட்டு அடங்கிற்று. ஒன்பதே முக்காலுக்கு எழுந்து மாடிக்குப் போனாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வேலை வாய்ப்புக் கணக்கு வந்தால் ரோஜா நிறம், விலைவாசி வந்தால் சிவப்பு, சில்லறை விற்பனைக் கணக்கு வரும் நாளில் சூப்பர் மார்க்கெட்டுக்குப் பழுப்பு நிறத்தோடு போவாள். என் கைக்காசில் மலிவாக ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கி, நியூயார்க் நேரம் வைத்துக் கடையில் மாட்டினேன்.

"அமெரிக்கா போற பிளானா நெய்டி? கடிகாரத்த முதல்ல அனுப்பிட்டியா?" என்றார் ஒதீலியாம்மா.

"ஆமா, உங்க மகன் கழுவி முடிச்சதும் துடைக்க ஆள் வேணுமாமே" என்றேன்.

நவம்பர் வந்தது. ஐம்பத்தொன்பதாம் நாள். இலக்குக்கு இன்னும் நூற்று நாற்பது ரெயால்தான் பாக்கி. விலைவாசிக் கணக்கு வரும் நாளும் அதுவே. அதற்குள் அவள் எப்படி ஆகிவிட்டாள் என்றால், நின்றுகொண்டே தூங்குவாள். சூப்பர் மார்க்கெட்டில் யாரோ கொடுத்த மாம்பழத்தை எடை போடாமல் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள் என்று பக்கத்துக் கல்லாப் பெண் வந்து சொன்னாள். அன்று காலை ஒன்பது இருபதுக்கு இறங்கி வந்து, கைகளை நீட்டினாள். நான் பூசத் தொடங்கினேன்.

எட்டு விரல் முடிந்திருந்தது. ஒதீலியாம்மா தன் முறைக்காகக் காத்துக்கொண்டு, வழக்கம்போல மகன் புராணம் பாடிக்கொண்டிருந்தார்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் டாண்ணு பதினொண்ணுக்குக் கூப்பிடுவான். ரெண்டு வாரமா பன்னெண்டுக்குத்தான் கூப்பிடுறான். நான் சோத்த வடிப்பேனா, இவன்கிட்ட பேசுவேனா? கேட்டா, 'எனக்கு எப்பவும்போல அதே பத்து மணிதாம்மா, இங்க நேரத்த மாத்திட்டாங்க'ங்கறான்."

என் கை நின்றுவிட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அது எட்டு இருபத்தாறு காட்டியது. அதற்கென்ன தெரியும், நான் வைத்தபடி ஓடுகிறது. மார்ச்சில் முன்னால் தள்ளியதை அமெரிக்காக்காரன் திரும்பப் பின்னால் தள்ளியிருக்கிறான், இதை யாரும் தள்ளி வைக்கவில்லை.

"அக்கா, செய்தி எத்தனை மணிக்கு?"

"ஒன்பதரைக்கு."

"அக்கா. நேரம் மாறிடுச்சு. இப்ப பத்தரைக்கு."

அவள் என்னைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், ஒதீலியாம்மாவைப் பார்த்தாள். ஒன்பதே முக்காலுக்கு நகம் காய்ந்ததும் மேலே போய், கண்டம் தாண்டியாயிற்று என்று தைரியமாக வாங்கியிருப்பாள். பத்தரைக்கு அது அவள் தலையில் விழுந்திருக்கும். மார்ச்சில் விழுந்த அதே குழி, இந்தத் தடவை மறுபக்கத்திலிருந்து.

"மறுபடியும் மறந்துட்டேன். இவ்வளவு பட்டும் மறந்துட்டேன் நெய்டி" என்றாள். அழக்கூட இல்லை. அவ்வளவு களைப்பு அந்தக் குரலில்.

"மறந்தா மறந்துட்டுப் போ. அதுக்குத்தான் நாங்க இருக்கோம்ல?" என்றார் ஒதீலியாம்மா. எதற்காக இருக்கிறோம் என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை, ஆனாலும் சொன்னார்.

பூசிய எட்டு விரலையும் துடைத்தேன். ஸ்டூலில் ஏறிக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினேன். ஒதீலியாம்மாவுக்கு நகம் செய்து முடித்தேன். ஜூரேமா அவ்வளவு நேரமும் பக்கத்து நாற்காலியில் தலையைச் சுவரில் சாய்த்துத் தூங்கினாள். பத்தே காலுக்கு எழுப்பி, மறுபடி பத்து விரலுக்கும் பூசினேன். பத்தரைக்குச் செய்தி வந்துவிட்டதென்று அவள் போன் ஒரு முறை அதிர்ந்து அடங்கியது. பத்தே முக்காலுக்கு மேலே போனாள். அன்று ஒன்றும் வாங்கவில்லை, விற்கவில்லை. வாங்கத் தகுந்த விலை வரவில்லையாம்.

அறுபதாம் நாள் பதினொன்றரைக்கு ஒரே ஒரு தடவை வாங்கி, ஒன்பது நிமிடத்தில் விற்றாள். நூற்று அறுபது ரெயால். திரையை அணைத்துவிட்டு, அரிசியும் பீன்ஸும் நின்றபடியே சாப்பிட்டு வேலைக்குப் போனாள். கம்பெனிக்காரர்கள் சந்தை மூடிய பிறகு சரிபார்த்துத்தான் முடிவு சொல்வார்கள்.

எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. சாயங்காலம் ஆறரைக்கு ஒரு காப்பிப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு அவளுடைய வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் நாலு பேர், பின்னால் ஆறு பேர். என் முறை வந்தபோது அவள் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. கல்லாவில் போன் பார்க்கக் கூடாது. மேசைக்குக் கீழே வைத்து ஒரு நொடி பார்த்தாள். பிறகு என் காப்பிப் பொட்டலத்தை எடுத்து விலையைப் பதிந்தாள்.

"பை வேணுமா?" என்றாள்.

"அக்கா! என்ன ஆச்சு?"

"பாஸாயிட்டேன். பை வேணுமா, வேணாமா? பின்னால ஆளுங்க நிக்கிறாங்க."

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. பின்னால் நின்றவன் பொறுமையில்லாமல் கூடையை இடித்தான். பை வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காப்பியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

வேலையை விட்டுவிடுவாள் என்று நினைத்தேன். விடவில்லை. முதல் ஆறு மாதம் கம்பெனி சின்ன அளவில்தான் வியாபாரம் செய்ய விடுமாம். பங்கு போக, எல்லாம் நன்றாக நடந்தால், கல்லாச் சம்பளத்துக்குச் சமமாக வரலாமாம். நடக்காவிட்டால் மறுபடி கதவைச் சாத்துவார்களாம்.

"அதுக்கா நாலு வருஷம்?" என்று அமாரோ கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை, பாவம், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆமாங்க" என்றாள் அவள். அவர் டிப்போவுக்குப் போன் செய்து, கம்ப்யூட்டர் விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

நிஜப் பணத்தில் அவளுடைய முதல் செய்தி நாள் அடுத்த வாரம் வந்தது. நான் கடையைத் திறந்து, தண்ணீரைச் சுட வைத்திருந்தேன். பத்தே காலுக்கு இறங்கி வந்து உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள், தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள், மறுபடியும் சுவரைப் பார்த்தாள். பிறகு இரண்டு கையையும் என் முன்னால் வைத்தாள்.

"எந்தக் கலர்?" என்று கேட்டேன்.

"எது சீக்கிரம் காயாதோ அது" என்றாள்.